அட்டை அடுப்பும் ஆகாயக் கண்ணும்

"நம் கடற்கரையில் ஒரு பெண் உலை வைக்க அடுப்பு மூட்டினாலும் அது ஆகாயத்திலிருந்து தெரிந்துவிடும் காலம் வந்துவிட்டது."

இந்த வாக்கியத்தை 1965-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு மலருக்காக நான் எழுதினேன். இது பொய். எழுதும்போதே பொய் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் சென்னையில் ஒரு தினசரியில், வெளிநாட்டுத் தந்திச் செய்திகளை மொழிபெயர்க்கும் மேஜையில் நான்கு வருஷம் இருந்தேன். பிறகு அதே பத்திரிகைக்குப் புதுக்கோட்டை நிருபராக வந்தேன். விராலிமலை அருகே லாரி கவிழ்ந்தது, கறம்பக்குடிச் சந்தையில் மாடுகளுக்குக் கோமாரி, கண்மாய்க் கரை உடைந்தது என்று நான் அனுப்பும் செய்திகள் ஆறு வரியாகச் சுருங்கி வரும். சில வரவே வராது. ஞாயிறு மலருக்கு எழுதும் விஞ்ஞானக் கட்டுரைகள் மட்டும் படத்தோடு முழுதாக வரும். அவற்றுக்கு ஆதாரம், ஒரு தூதரகம் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த பளபளப்புத் தாள் இதழ்.

அந்த மாதக் கட்டுரையின் விஷயம் நீர்மூழ்கிக் கப்பல். தண்ணீருக்குள் ரேடார் பலிக்காது. ஓசையை வைத்துத்தான் அந்தக் கப்பலைத் தேட முடியும். அதனால் அது எஞ்சின் சத்தத்தை அடக்கிக்கொண்டு ஊர்ந்து போகிறது. பழைய டீசல் கப்பல்கள் மூச்சு வாங்குவதற்கு அவ்வப்போது மேலே வந்தாக வேண்டும். அணுசக்தியில் ஓடும் புதியவை வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். அங்கிருந்தபடியே ஏவுகணையையும் விடும். கப்பலைக் காண முடியாவிட்டால் ஏவுகணை கிளம்பும் நெருப்பையாவது காண்போம் என்று, வெப்பத்தை உணரும் கருவிகளைச் செயற்கைக் கோள்களில் வைத்து மேலே சுற்றவிட்டிருக்கிறார்கள். இதுவரை எல்லாம் சரி. இதழில் கடைசியாக இன்னொரு பத்தியும் இருந்தது. உயரத்து மேகங்களில் வெயில் பட்டுத் தெறிப்பதைக்கூட அந்தக் கருவிகள் ஏவுகணை நெருப்பு என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகின்றன, இன்னும் பரீட்சைதான் நடக்கிறது என்று அது சொன்னது. அதையும் மொழிபெயர்த்தேன். கட்டுரை நீண்டுவிட்டது. அந்தப் பத்தியை அடித்துவிட்டு, உலை வைக்கும் பெண்ணைப் போட்டேன். மலரின் உதவி ஆசிரியர் அவளைத் தடித்த எழுத்தில், கட்டம் கட்டிப் போட்டார்.

செப்டம்பரில் எல்லையில் யுத்தம் வந்தது. புதுக்கோட்டையில் ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புத் தாள் ஒட்டினார்கள். பஸ் விளக்குகளின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். கடற்கரை ஊர்களில் கையில் பட்டை கட்டிய தொண்டர் படைகள் முளைத்தன. ஒரு வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு தந்தி வந்தது: எதிரி நீர்மூழ்கி தென்பட்டது, உளவாளி சிக்கினான், உடனே வருக. அனுப்பியவர் மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். அந்தப் பகுதி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. பிறகுதான் புதுக்கோட்டையோடு சேர்ந்தது.

அறந்தாங்கி வழியாகப் பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் தலைப்பு யோசித்தேன். மற்றப் பத்திரிகை நிருபர் எனக்கு முன்னால் போயிருப்பானோ என்பதைத் தவிர வேறு கவலை எனக்கு இல்லை.

கடல் தெரியும் முன்பே வாடை வந்தது. கடல் அட்டை அவிக்கும் வாடை. பாக் நீரிணையின் சேற்றுத் தரையில் கிடக்கும், வெள்ளரிக்காய் அளவுள்ள, எலும்பில்லாத பிராணி அது. நம் ஆட்கள் யாரும் தின்பதில்லை. அதைக் கீறிக் குடலைப் பிதுக்கி, பெரிய கொப்பரையில் அவித்து, ஈரச் சாக்கில் கட்டி ஒரு ராத்திரி மணலில் புதைப்பார்கள். தோல் அழுகிக் கழன்ற பிறகு தோண்டி எடுத்து, கூடையில் போட்டு மிதித்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைப்பார்கள். காய்ந்தால் கரிக்கட்டை போல் இருக்கும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் உள்ள சீனர்கள் வாங்குவார்கள். அந்த ஊரில் இந்தத் தொழிலைச் செய்தவர் ஒருவர்தான். ஐம்பது வயது முஸ்லிம். முன்கை முழுக்கக் கொப்பரைச் சூடு பட்ட தழும்புகள். ஊரார் அவரை அட்டைக்காரர் என்றார்கள்.

நான் போனபோது அவர் தம் கொட்டகைக்கு வெளியே மணலில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள். இருநூறு பேர் கூடியிருந்தார்கள்.

விஞ்ஞான ஆசிரியர் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க! ஒங்க கட்டுரைதான் எங்க கண்ணைத் தொறந்துச்சு." சட்டைப் பையிலிருந்து கட்டுரையை எடுத்துப் பிரித்தார். கட்டத்துக்குள் இருந்த வாக்கியத்தின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். கட்டுரையை வகுப்பிலும் வாசகசாலையிலும் படித்துக் காட்டியிருக்கிறார். யுத்தம் வந்ததும் அட்டைக்காரரிடம் போய், சாயங்காலத்தில் கொப்பரை அடுப்பு எரியக் கூடாது, அது மேலே ஏவுகணை கிளம்புவது போலத் தெரியும், பதிலுக்கு விழும் குண்டு நம் ஊரில்தான் விழும் என்று எச்சரித்திருக்கிறார். அட்டைக்காரர் கேட்கவில்லை. பிடித்த அட்டை மத்தியானம் கரைக்கு வரும்; அன்றைக்கே அவிக்காவிட்டால் கரைந்து கூழாகிவிடும். புதன்கிழமை சாயங்காலம் தொண்டர்கள் கரையிலிருந்து பார்த்தபோது, அடுப்புக்கு நேர் எதிரே கடலில் ஒரு கறுப்பு முதுகு மேலே வந்தது. மூச்சு விட்டது. முங்கியது. மறுபடி வந்தது. அட்டைக்காரர் அடுப்பை எரியவிட்டு அதற்கு அடையாளம் காட்டுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"மூச்சு வாங்க மேல வந்தாகணும்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? அப்படியே வந்துச்சு சார்!" என்றார் ஆசிரியர். அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. பரீட்சையில் தான் படித்த கேள்வியே வந்துவிட்ட பையனின் சந்தோஷம்.

கீழே உட்கார்ந்திருந்த அட்டைக்காரர் தலையைத் தூக்கினார். "அது கடல் பசுங்க. ஆவுளியா. பாசி மேய வரும். எங்க ஊருல பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"ஒன்னைய யாரும் கேக்கல" என்றார் ஆசிரியர்.

"கேளுங்கங்கறேன். இங்கிட்டு ஒரு மைல் போனாலும் கழுத்தளவு தண்ணிங்க. அதுல கப்பலு முங்குனா முதுகுல காக்கா ஒக்காரும்."

கூட்டத்தில் சில மீன்பிடிக்காரர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அது கடல் பசு என்று தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பாக் நீரிணையின் ஆழம் எவ்வளவு என்பது தந்தி மேஜையில் நான்கு வருஷம் இருந்தவனுக்குத் தெரியாத விஷயமல்ல.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மணலில் எதையோ புதைத்து வைத்திருக்கிறான் என்று தொண்டர்கள் சொல்லியிருந்தார்கள். வயர்லெஸ் பெட்டி என்று ஒருவன், வெடிமருந்து என்று இன்னொருவன். "அவன் சரக்கெல்லாம் சீனாக்காரனுக்குத்தான் போவுது, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று பட்டை கட்டிய ஒருவன் என்னிடம் கேட்டான். அவனுடைய அண்ணன் அதே கொட்டகையில் அட்டை மிதிக்கும் வேலை செய்தவன் என்று பிறகு தெரிந்தது.

தோண்டினார்கள். அட்டைக்காரர் எழுந்து, "ஐயா, அது நேத்துப் பொதைச்சது. காத்துப் படாமப் பதமா எடுக்கணும். நானே எடுத்துத் தாரேன்" என்றார். ஒரு போலீஸ்காரர் அவரைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தார். மண்வெட்டி சாக்கில் பட்டது. சாக்கு கிழிந்து, ஒரு ராத்திரி அழுகிய அட்டைகள் கறுப்புச் சாறோடு வெளியே வழிந்தன. தோண்டிய போலீஸ்காரர் அங்கேயே வாந்தி எடுத்தார். சாறு தெறித்து சப்-இன்ஸ்பெக்டரின் கால்சட்டையில் பட்டது.

"அடி ஆத்தீ, குண்டு வெடிச்சிருச்சு!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்திருக்க வேண்டும். சிரிப்புதான் அட்டைக்காரரைக் கெடுத்தது. சப்-இன்ஸ்பெக்டர் கால்சட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், "இவனை ஏத்துங்கய்யா வண்டியில" என்றார்.

"எங்க வேணாலும் வாரேங்க" என்று அட்டைக்காரர் கும்பிட்டார். "இன்னிக்கு வந்த சரக்கு உள்ள கெடக்கு. என் சம்சாரம் அவிச்சுக்கிரும். அடுப்பை மட்டும் அணைக்காதீங்க."

தொண்டர்கள் வாளி வாளியாகக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து அடுப்பில் ஊற்றினார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று எண்ணினார். அந்த ஊரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது அட்டை வாடை அல்ல. அவர் வாளிகளை எண்ணிய குரல்.

காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கால்சட்டையை மாற்றியிருந்தார், கோபம் தணிந்திருந்தது. "அது கடல் பசுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஆனா வாத்தியார் மேலிடத்துக்கெல்லாம் மனுப் போட்டிருக்கார். ஒங்க கட்டுரையைச் சேர்த்து அனுப்பியிருக்கார். அச்சுல வந்ததை நான் எப்படி இல்லேங்கறது? நீங்க ஒண்ணு செய்யுங்க. அடுப்பு நெருப்பு மேல தெரியாது, நான் எழுதுனது தப்புன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே விட்டுடறேன்."

தாள் கொடுத்தார். நான் எழுதினேன். கடல் அட்டையைப் பற்றி, அவிக்கும் முறை பற்றி, புதைப்பதன் காரணம் பற்றி ஒன்றரைப் பக்கம். நல்ல குறிப்பு. பத்திரிகையில் போடலாம்.

அவர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "அட்டையப் பத்தி எனக்கே தெரியும், கால்லயே ஒட்டியிருந்துச்சே. அந்த வரியப் பத்தி எழுதச் சொன்னேன்."

"பத்திரிகை ஆசிரியரைக் கேட்க வேண்டும்" என்றேன்.

"கேளுங்க. அவசரமில்ல. அவன் எங்கயும் போகப் போறதில்ல."

சாயங்காலப் பஸ்ஸில் புதுக்கோட்டை திரும்பினேன். சென்னைக்கு டிரங்க் கால் பதியவில்லை. கடிதமும் எழுதவில்லை. நான் எழுதியது தப்பு என்று காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தெரிந்தால், ஞாயிறு மலரில் எனக்கு இடம் போய்விடும் என்று நினைத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. உளவாளி கைது என்ற செய்தியை அனுப்பவில்லை என்பதை அன்றைக்கு ஒரு நேர்மையாக எண்ணிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டில் இருந்தேன். ஆலங்குடியில் முந்திரி வியாபாரிகள் கூட்டம் ஒன்று இருந்தது, அதற்கும் போகவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அட்டைக்காரரின் மனைவி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். விலாசத்தை சப்-இன்ஸ்பெக்டரே கொடுத்தாராம். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு வாசற்படிக்கு வெளியேதான் நின்றாள்.

"பேப்பருக்கு எழுதுறது நீங்கதானா?"

"ஆமாம். உள்ளே வாங்க."

"இருக்கட்டும்ண்ணே. நேத்துத் தம்பி வீட்டுல ஆக்கி அவுகளுக்குச் சோறு கொண்டு போனேன், உள்ள விடல. காதுல ரத்தம் காஞ்சிருந்ததைத் தம்பி சன்னல் வழியாப் பாத்திருக்கான்."

தம்பி தலையை ஆட்டினான்.

"சரக்கு போனாப் போகட்டும்" என்றாள். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒரு பொம்பளை ஒல வச்சாக்கூட மேல தெரியும்னு எழுதியிருக்கீகளாம்ல? அந்த வாத்தியாரு ஆளுக என் வீட்டு அடுப்புலயும் தண்ணிய ஊத்திப்புட்டாக. சுத்தி இருக்கற வீட்டுல எல்லாம் பொகையுது, என் வீட்டுல மட்டும் பத்த வைக்கக் கூடாதாம். நான் ஒல வைக்கலாமா, வேணாமா?"

"வைக்கலாம்" என்றேன். "அது தெரியாது."

"அத அங்க வந்து சொல்லுங்க" என்றாள்.

மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அவர்கள் பின் சீட்டில், நான் முன்னால். நிலையத்தில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத மூன்று நிமிஷம் ஆனது. வியாழக்கிழமையும் மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அட்டைக்காரரை வெளியே விட்டார்கள். இடது காது வீங்கி, மடல் நீலம் பாரித்திருந்தது. என் பக்கத்துக்கு அந்தக் காது வந்தபோதெல்லாம், நான் சொன்னதை அவர் இரண்டாம் முறை கேட்டார். கொட்டகை வரை அவர்களோடு நடந்தேன். வியாழக்கிழமைச் சரக்கு தரையில் கூழாகிக் கிடந்தது, ஈ மொய்த்தது. அவர் ஒரு குச்சியால் அதைக் கிளறிப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கடலில் எறிந்தார்.

"நெசத்தைச் சொல்லுங்க" என்றார். "மேல சுத்துற அந்தச் சாமானுக்கு என் அடுப்பு தெரியுமா?"

"தெரியாது. பெரிய ராக்கெட் நெருப்பைக் கண்டுபிடிக்கவே அது இன்னும் தடுமாறுது. மேகத்தைப் பார்த்தே ஏமாந்துபோகுது."

"நம்ம வாத்தியாரு மாதிரி."

"ஆமாம்."

"அப்ப ஏன் அப்படி எழுதுனீங்க?"

நான் யோசித்தேன். பொருத்தமான பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "படிக்க நல்லா இருக்கும்னு எழுதினேன்."

அவர் கோபப்படவில்லை. வீங்கிய காதைத் தொட்டுக்கொண்டார். "டேசன்ல எழுதிக் குடுத்ததை ஊருல எவன் படிப்பான்? அதைப் பேப்பர்ல போடுங்க. கட்டம் கட்டிப் போட்டீங்கள்ல, அதே மாதிரி போடுங்க. இல்லேன்னா எங்கிட்டு நான் தலை காட்டுனாலும் உளவாளிதான்."

போடுவதாகச் சொன்னேன். அன்றே எழுதி அனுப்பவும் செய்தேன். வெட்டிய பத்தியையும் சேர்த்து, கடல் பசுவைப் பற்றியும் சேர்த்து, என் வாக்கியம் தவறு என்று தெளிவாகவே எழுதினேன். பத்து நாள் கழித்து மலரின் உதவி ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. மக்களின் விழிப்பு உணர்ச்சியைக் குறைக்கும் எதையும் இந்தச் சமயத்தில் வெளியிடுவதற்கில்லை. செயற்கைக் கோள் கட்டுரைக்கு வாசகர் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன, சந்திரனுக்குப் போகும் ராக்கெட் பற்றி அடுத்து எழுதவும் என்றிருந்தது. அதற்குள் யுத்தம் நின்றுவிட்டது. யுத்தம் நின்றுவிட்டதே, இப்போது போடலாமே என்று நான் ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ராக்கெட் பற்றி எழுதினேன்.

ஜனவரியில் குடியரசு தினத்தன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் விழா. எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். கடலோரக் கண்காணிப்புக்காக விஞ்ஞான ஆசிரியருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் பேசும்போது என்னைக் காட்டி, இந்தப் பெருமையில் பாதி நம் நிருபருக்கு உரியது என்றார். கைதட்டினார்கள். தட்டியவர்களில் மீன்பிடிக்காரர்களும் இருந்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

விழா முடிந்து பஸ்ஸுக்காக நின்றபோது அட்டைக்காரரின் மைத்துனன், அன்று அக்காளோடு என் வீட்டுக்கு வந்தவன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கொட்டகையைப் பற்றி விசாரித்தேன்.

"பிரிச்சாச்சுங்க. அட்டை புடிக்க ஒருத்தனும் மச்சானுக்கு வர மாட்டேன்னுட்டான். வந்தா அவன் பேரையும் மனுவுல எழுதிப்புடுவாகளாம். தொண்டிப் பக்கம் போயிட்டாக, அக்காவையும் கூட்டிக்கிட்டு. அங்கிட்டும் நம்ம ஊரு ஆளு ஒருத்தன் போயிச் சொல்லிப்புட்டான்."

"என்னன்னு?"

"அதான்" என்றான். சைக்கிள் மணியை ஒரு தரம் சும்மா அடித்தான். "மச்சான் கேக்கச் சொன்னாக. அந்த மறுப்பு பேப்பர்ல வந்துச்சுங்களா? நானும் வாசகசாலைல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இன்னும் வரலை."

"வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. வாங்கி, தொண்டிக்குக் கொண்டுபோயிக் குடுத்துட்டு வாரேன்."

பஸ் வந்துவிட்டது. சொல்கிறேன் என்றேன்.